பெயரெழுதிய தாள்கள்

நாடிழந்து வந்தோர்க்கு நாம் முதலில் அளிப்பவை உணவும் உடையும் கூரையுமே. அதுவே முறை. ஆயின் அவர்தம் பிள்ளைகளின் கையில் தூரிகையையும் வண்ணத்தையும் கொடுக்க வேண்டுமென எவரேனும் கூறினால், 'பசித்தவர்க்குச் சித்திரம் எதற்கு?' என்னும் வினா நம்முள் எழக்கூடும். இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஒரு பெண்மணியை இங்கு நினைவுகூர்வோம்.

ஃபிரீடல் டிக்கர் 1898-இல் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1919 முதல் 1923 வரை ஜெர்மனியின் வைமர் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றார். வரையத் தொடங்குமுன் மூச்சையும் கையின் அசைவையும் ஒழுங்குபடுத்தக் கற்பித்த யோகானஸ் இட்டென் என்பாரே அவருடைய ஆசான். 1934-இல் ஃபிரீடல் வியன்னாவை விட்டுப் பிராக் நகரில் தஞ்சம் புகுந்தார். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த குடும்பங்கள் பல அந்நகரில் வாழ்ந்தன. தாமே அகதியான அவர், அக்குடும்பங்களின் சிறாருக்கு ஓவியம் கற்பிக்கலானார். வியன்னாவிலிருந்து அவரைத் தொடர்ந்து வந்த ஈடித் கிராமர் என்னும் இளம் மாணவி அப்பணியில் துணைநின்றார். அலைக்கழிக்கப்பட்ட சிறுவனின் மனத்தைத் தாங்கிப்பிடிக்கும் ஆற்றல் ஓவியத்திற்கு உண்டு என்பதை ஈடித் கண்டுணர்ந்தது அங்கேதான்.

1936-இல் பாவெல் பிராண்டைஸ் என்பவரை ஃபிரீடல் மணந்தார். 1938-இல் ஈடித் நியூயார்க் சென்றார். ஃபிரீடலுக்கும் பாலஸ்தீனம் செல்ல வழி திறந்தது, கணவருக்குத் திறக்கவில்லை. ஆகவே அவர் போகவில்லை. 1939 மார்ச்சில் நாஜிப் படை பிராக் நகருக்குள் நுழைந்தது. 1942 டிசம்பரில் கணவரோடு தெரேசின் என்னும் கோட்டை நகருக்கு அவர் கொண்டுசெல்லப்பட்டார். அகதி இப்போது கைதியானார்.

தெரேசின் செல்வோர் ஐம்பது கிலோ சுமைக்குமேல் கொண்டுசெல்லலாகாது. எதை எடுப்பது, எதை விடுப்பது? அந்தச் சிறு அளவிலும் ஃபிரீடல் ஓவியப் பொருள்களுக்கு இடம் ஒதுக்கினார்.

அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துதல் தடை செய்யப்பட்டிருந்தது. ஓவியம் மட்டும் பொறுத்துக்கொள்ளப்பட்டது. அந்தச் சிறு இடைவெளியே அவருக்குப் போதுமானதாயிற்று. தாள் தீர்ந்தபோது, அலுவலகத்தார் பயன்படுத்தி எறிந்த படிவங்களின் மறுபக்கம் தாளாயிற்று. வண்ணத்தாளைக் கிழித்து ஒட்டியும் படம் செய்தார்கள். தம் ஆசானிடம் கற்ற பயிற்சிகளை அவர் அச்சிறாருக்கு வழங்கினார்.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. 'உன் துயரத்தை வரைந்து காட்டு' என்று அவர் வற்புறுத்தவில்லை. பூச்சாடியை வரைந்தார்கள், சன்னலை வரைந்தார்கள், விட்டுவந்த வீட்டை வரைந்தார்கள். எல்லாரையும் ஓவியராக்குவது தம் நோக்கமன்று என்றும், பிள்ளைகளிடம் உள்ள படைப்பாற்றலைத் தடையின்றி இயங்கச் செய்வதே நோக்கம் என்றும் 1943-இல் அங்கே ஆற்றிய உரையில் அவர் விளக்கினார். படம் முடிந்தபின் ஒவ்வொருவரும் தம் பெயரை அதில் எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த வழக்கம். மனிதர்களை எண்களால் பதிவுசெய்து வண்டியேற்றிய இடத்தில், அத்தாள்கள் பெயரைக் காத்தன.

1944 செப்டம்பரில் பாவெல் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டார். அவரைத் தொடரத் தாமாகவே முன்வந்த ஃபிரீடல், அக்டோபர் 6-இல் ஆஷ்விட்ஸ் செல்லும் வண்டியில் ஏறினார். மூன்றாம் நாள் அங்கே கொல்லப்பட்டார். கணவர் பிழைத்திருந்தார். புறப்படுமுன் ஃபிரீடல் இரு பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 ஓவியங்களை விட்டுச்சென்றிருந்தார். சிறார் விடுதிப் பொறுப்பாளர் வில்லி குரோக் 1945 ஆகஸ்டில் அவற்றைப் பிராக் நகர யூதச் சமூகத்தாரிடம் ஒப்படைத்தார். அவை இன்று அந்நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. வரைந்த சிறார் ஏறத்தாழ 660 பேர். அவர்களில் 550 பேர் கொல்லப்பட்டனர்.

அப்படியானால் அத்தனை உழைப்பும் வீண்தானோ? ஓவியம் அவர்களின் உயிரைக் காக்கவில்லை. அதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. ஆயினும், நாளை என்பது இருக்குமோ இராதோ என்றிருந்த பிள்ளைகளுக்கு, இன்று என்பதை முழுமையாக வாழ்ந்த சில மணி நேரங்களை அது ஈந்தது. மேலும் அப்பணி அங்கேயே முடிந்துவிடவுமில்லை. நியூயார்க் சென்ற ஈடித், மனம் நொந்த சிறுவர்களிடையே ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஓவியத்தின் வழியே உளம் ஆற்றும் கலையின் முன்னோடிகளுள் ஒருவரானார்; 2014-இல் மறைந்தார்.

'பசித்தவர்க்குச் சித்திரம் எதற்கு?' என்ற வினா நம்மிடம் மீண்டும் வரும். சோறும் கூரையும் ஒருவனை உயிரோடு வைத்திருக்கும். ஆனால் தான் யார் என்பதை அவன் மறவாதிருக்க வேறொன்றும் வேண்டும். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைக்கு ஒரு தாளை நீட்டும் நாளில், அதன் மூலையில் அதன் பெயரை எழுதவும் இடம் விடுவோம்.