ஆடி மாசத்துக்கும் சந்தா

வேதாரண்யத்துல கல்யாண வீடியோ எடிட் பண்ற என் மச்சான் கேட்டார்: "ஏன் மாப்ள, காசு குடுத்து வாங்கினா சாஃப்ட்வேர் நம்மளுது தானே?"

ஒரு காலத்துல ஆமாங்க. அடோபி 2012-ல் வெளியிட்ட சிஎஸ்6 தான், ஒரே தடவை காசு கட்டி வைத்துக்கொள்ளும் வரிசையில் கடைசி. இனி புதுப் பதிப்புகள் சந்தாவுக்கு மட்டுமே என்று 2013 மே மாதம் அறிவித்தார்கள். ஆப்பிளோ 2011-ல் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸை 299.99 டாலருக்கு மொத்தமாகவே விற்றது.

சந்தாவிலும் நியாயம் உண்டு. முதலில் பெருந்தொகை வேண்டாம். புது வசதிகள் தானா வரும். என் சம்பளமே சந்தாவுல வர்றதுதான்! ஆனா எங்க ஊர் வருமானம் மாசக் கணக்கு இல்லையே. ஐப்பசி, கார்த்திகை மழையில உப்பளம் நிக்கும். ஆடி, மார்கழியில கல்யாணம் கிடையாது. சந்தா பஞ்சாங்கம் பாக்காது.

சிஎஸ்6 ஓடுற பழைய கம்ப்யூட்டரை மச்சான் ஏன் விக்க மாட்டேங்கறார்னு இப்பத்தான் புரியுது.