டாம் ஜான்சன்: மூன்று சென்ட் கட்டணத்துக்காகப் போராடிய கிளீவ்லாந்து மேயர்

அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரின் மேயராக 1901 முதல் 1909 வரை பதவி வகித்தவர் டாம் ஜான்சன். கென்டக்கியில் 1854 ஜூலை 18-இல் பிறந்த இவரது குடும்பம் உள்நாட்டுப் போரில் செல்வத்தை இழந்தது. சிறுவயதில் ரயிலில் செய்தித்தாள் விற்றார். நடத்துநரின் நட்பால் வேறெவரும் அந்த ரயிலில் விற்க இயலவில்லை. ஏகபோகத்தின் ருசியை அவர் அறிந்தது அங்கேதான்.

பின்னர் டிராம் நிறுவனங்களாலும் எஃகுத் தண்டவாள ஆலையாலும் பெரும் செல்வந்தரானார். நிலவரிச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் நூல்கள் அவரை அரசியலுக்கு இழுத்தன. 1891 முதல் 1895 வரை ஜனநாயகக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபை உறுப்பினராக இருந்தபோது, தாமே தயாரித்த தண்டவாளங்களுக்கான இறக்குமதி வரிப் பாதுகாப்பை நீக்கக் கோரினார். தொழிலதிபர்களில் இது அரிது.

மேயரானதும் கூடாரங்களில் பொதுக்கூட்டம் நடத்தி, எவர் கேள்விக்கும் பதிலளித்தார். டிராம் கட்டணத்தை மூன்று சென்டாக்குவதே அவரது முக்கிய வாக்குறுதி. தனியார் நிறுவனங்கள் நீதிமன்றத் தடைகளால் அதை ஆண்டுக்கணக்கில் முடக்கின. 1908 ஏப்ரலில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே ஊழியர் வேலைநிறுத்தம் வெடித்தது. அக்டோபரில் வாக்காளர்களே திட்டத்தை நிராகரித்தனர். 1909 தேர்தலில் ஜான்சனும் தோற்றார்.

1910-இல் ஏற்பட்ட புதிய உடன்பாட்டின்படி டிராம்கள் மூன்று சென்ட் கட்டணத்தில் ஓடத் தொடங்கின. 1911 ஏப்ரல் 10-இல் காலமான ஜான்சன், புரூக்ளின் கிரீன்வுட் கல்லறையில் ஹென்றி ஜார்ஜுக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார்.