மாணவர் பையில் வேப் சிக்கினால்... ஆசிரியரும் டாக்டரும் முதலில் செய்ய வேண்டியது என்ன?

பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும், ஹைலைட்டர் பேனா மாதிரியும் இருக்கும். இழுத்தால் மாம்பழம், புதினா வாசனையோடு புகை வரும். அதுதான் வேப் எனப்படும் இ-சிகரெட். இது மாணவர் பையில் சிக்கினால் என்ன நடக்கும்? எல்லார் முன்னாலும் திட்டு, வீட்டுக்கு போன், சஸ்பெண்ட், சில இடங்களில் டி.சி. ஆனால் டி.சி. கொடுத்தால் நிகோடின் பழக்கம் போய்விடாது. அடுத்த பள்ளிக்கும் அது கூடவே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2018-லேயே இ-சிகரெட்டுக்குத் தடை வந்துவிட்டது. 2019-ல் மத்திய அரசு நாடு முழுவதும் தடைச் சட்டம் கொண்டு வந்தது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை சிக்கினால் 1 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கப்படலாம். மறுபடி சிக்கினால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். இருப்பு வைப்பதற்கும் தனியாக தண்டனை உண்டு. இந்தச் சட்டம் முக்கியமாக குறி வைப்பது வியாபாரத்தைத்தான். இழுப்பவருக்கு என்று தனி தண்டனைப் பிரிவு இதில் இல்லை.

ஏன் விட முடியவில்லை?

மூளை சுமார் 25 வயது வரை வளர்கிறது. அதனால் டீன் ஏஜில் நிகோடின் சீக்கிரமே பழக்கமாகிவிடும். பல வேப்களில் இருப்பது நிகோடின் சால்ட். தொண்டை எரிச்சல் குறைவு என்பதால் நிறைய நிகோடின் சுலபமாக உள்ளே போய்விடும். திடீரென நிறுத்தினால் கோபம், தூக்கமின்மை, கவனச் சிதறல் வரும். வகுப்பில் ‘திமிரு’ என்று தெரிவது சில நேரம் இதுவாகக்கூட இருக்கலாம்.

எப்படிக் கேட்பது?

"சிகரெட் பிடிக்கிறியா?" என்று கேட்டால் "இல்ல சார்" என்றுதான் பதில் வரும். அது பொய் இல்லை. வேப்பை சிகரெட் கணக்கிலேயே பல பிள்ளைகள் சேர்ப்பதில்லை. அதனால் பெயர் சொல்லியே கேளுங்க. தனியாக உட்கார வைத்து, குரல் உயர்த்தாமல்:

* வேப், பாட் ஏதாவது யூஸ் பண்ணியிருக்கியாப்பா?
* காலையில எழுந்த எவ்வளவு நேரத்துல தேடுது?
* விடணும்னு முயற்சி பண்ணி முடியாம போயிருக்கா?
* உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?

மூன்றாவது கேள்விக்கு ‘ஆமா’ என்றால் அது பழக்கத்துக்கு அடிமையாகும் அறிகுறி. கடைசிக் கேள்வியும் முக்கியம். சில வேப்களில் கஞ்சா எண்ணெயும் இருக்கும். 2019-20-ல் அமெரிக்காவில் வேப்பிங் தொடர்பான நுரையீரல் பாதிப்பில் 68 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பயன்படுத்தியது கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி. கலந்த வேப்.

டாக்டர் என்ன செய்யலாம்?

அமெரிக்க குழந்தைகள் நல மருத்துவ அகாடமி சொல்வது மூன்றே படி: கேளுங்கள், பேசுங்கள், சிகிச்சை கொடுங்கள். விடும் தேதியை மாணவரே முடிவு செய்யட்டும். வேப் தேடும் ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்த நேரத்தைத் தள்ளிப்போட தண்ணீர் குடிப்பது, நடப்பது, நண்பருக்கு போன் செய்வது என்று திட்டம் போட்டுக் கொடுக்கலாம். முதல் சில நாள்தான் கஷ்டம் அதிகம், அதனால் 2 வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்லுங்க. நிகோடின் சூயிங்கம்மை 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் டாக்டர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, தொடர் வாந்தி இருந்தால் உடனே மருத்துவமனை.

வீட்டுக்குச் சொல்லணுமா?

சொல்லணும். ஆனால் மாணவருக்குத் தெரியாமல் இல்லை. "அப்பா அம்மாகிட்ட நாம சேர்ந்தே பேசுவோம்" என்று முன்கூட்டியே சொன்னால் நம்பிக்கை உடையாது. பெற்றோரிடமும் "அடிக்காதீங்க, சிகிச்சைக்குக் கூட்டிட்டு வாங்க" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்க. விற்ற கடை பற்றி போலீசில் புகார் கொடுப்பது பள்ளி நிர்வாகத்தின் வேலை. மாணவரை சாட்சியாக முன்னால் நிறுத்த வேண்டாம்.

உதவிக்கு யாரை அழைப்பது?

புகையிலைப் பழக்கத்தை விட உதவும் தேசிய இலவச எண்: 1800-11-2356. தமிழிலும் பேசலாம். பதற்றம், மன அழுத்தம் இருந்தால் டெலி மானஸ்: 14416. இந்த இரண்டு எண்களையும் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்தால், மாட்டிக்கொள்ளாத பிள்ளைகளுக்கும் உதவும்.