இருவர், மூவர், அறுவர்

வாழவந்தியிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பேருந்தில், முன்பு என்னிடம் படித்த மாணவர் ஒருவர், "ஐயா, இதைக் கொஞ்சம் கேளுங்கள்" என்று தன் இயர்போனை என் காதில் மாட்டிவிட்டார். முதல் அரை நிமிடம் வெறும் இரைச்சலாகத்தான் பட்டது. பிறகு அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு தோற்கருவி கேட்கத் தொடங்கியது. நமக்குத் தெரிந்த ஒருவரின் தூரத்து உறவினரைக் கூட்டத்தில் பார்த்தது போலிருந்தது. "தவிலா?" என்றேன். "இல்லை ஐயா, டோல். பஞ்சாபி டோல்" என்றார். பாட்டு பிளட்டிவுட் என்னும் தில்லிக் குழுவினுடையது. குழுவில் யார் யார் என்று கேட்டபோது மூன்று பெயர்களைச் சொன்னார். அந்த மூவரில் டோல் வாசிப்பவர் இல்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் மெட்டல் இசைக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். அந்தக் குழுவின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, ஒரு குழு என்பது யார் யார் சேர்ந்தது, யாரைக் கணக்கில் சேர்ப்பது என்ற பழைய கேள்விக்கே வந்து நின்றேன். அது நம் நாதஸ்வர மேளத்திலும் உள்ள கேள்விதான்.

முதலில் இந்த இசைவகை பற்றி ஒரு சொல். நூ-மெட்டல் என்பது 1990களில் கலிபோர்னியாவில் வேர்விட்டது. கோர்ன் குழு 1994இல் வெளியிட்ட முதல் தொகுப்பை அதன் தொடக்கப்புள்ளி என்பார்கள். சுருதி இறக்கிக் கட்டிய கிடாரின் கனத்த ஓசை, ராப், உறுமல், அடிபட்ட மனத்தின் புலம்பல் எல்லாம் ஒன்றாகக் கலந்தது அது. நீண்ட கிடார் சுரவிரிவுகளுக்கு அதில் மதிப்பு குறைவு. தாளமே அதன் எலும்பு. கோர்னின் பாடகர் ஜொனாதன் டேவிஸ் இந்த இசைக்கு நடுவே ஸ்காட்லாந்தின் துருத்திக்குழலை ஊதுவார். லிங்கின் பார்க் குழுவில் இசைத்தட்டைச் சுழற்றி ஓசை எழுப்பும் ஜோ ஹான், பாடகர்களுக்குச் சமமான முழு உறுப்பினர். ஆக, எந்தக் கருவியையும் உள்ளே விடும் வாசல் அந்த வகையில் ஆரம்பத்திலிருந்தே திறந்திருந்தது. டோல் அதற்குள் போனதில் வியப்பில்லை.

பிளட்டிவுட் 2016இல் இருவரால் தொடங்கப்பட்டது. நிறுவன வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு வந்த கரண் கட்டியார் ஒருவர். பாடகர் ஜெயந்த் பதூலா மற்றவர். பெயரே ஒரு கேலி: பாலிவுட்டின் மீது சற்று இரத்தம் தெளித்தது. புகழ்பெற்ற பாடல்களை மெட்டல் உருவில் மாற்றிக் கிண்டலாக யூடியூபில் ஏற்றுவதுதான் அவர்களது தொடக்கத் தொழில். பஞ்சாபி எம்.சி.யின் ‘முண்டியான் தோ பச் கே’, தலேர் மெஹந்தியின் ‘துனக் துனக் துன்’ ஆகியவை இவர்கள் கையில் புது உருவம் பெற்றன. கிடார், புல்லாங்குழல், ஒலிப்பதிவு, காணொளி என்று பெரும்பகுதி வேலையைக் கரணே செய்தார். இந்தக் கட்டத்தில் அது ஓர் இசைக்குழு என்பதைவிட ஓர் அறையும் ஒரு கணினியும் என்று சொல்வதே பொருந்தும்.

2018இல் ‘அரி அரி’ பாடலுக்கு ரவுல் கெர் என்னும் ராப் பாடகர் விருந்தினராக வந்தார். விருந்தினர் என்பது அப்போதைய சொல். பின்னர் அவர் வீட்டுக்காரராகவே ஆகிவிட்டார். இந்த ஒரு வருகைதான் குழுவின் குணத்தை மாற்றியது என்பது என் எண்ணம். ஜெயந்தின் குரல் இந்தியிலும் பஞ்சாபியிலும் உறுமும். ரவுலின் ராப் ஆங்கிலத்தில் வாதிடும். கேலி பின்வாங்கியது. மனச்சோர்வோடு போராடுகிறவர்களுக்காக ‘ஜீ வீரே’ அதே ஆண்டில் வந்தது. அதோடு, தேவைப்படும் ரசிகர்களுக்கு இணையவழி மனநல ஆலோசனைக்கான செலவையும் குழு ஏற்றது. 2019இல் வந்த ‘எண்டூரண்ட்’ பள்ளிகளில் நடக்கும் கொடுமைப்படுத்தலைப் பற்றியது.

2019 ஆகஸ்டில் ஜெர்மனியின் வாக்கன் திருவிழாவுக்கு அழைப்பு வந்தது. வாக்கன் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வசிக்கும் சிற்றூர். 1990 முதல் ஆண்டுதோறும் அங்கே மெட்டல் திருவிழா நடந்துவருகிறது. அந்த நாள்களில் பல்லாயிரக்கணக்கானோர் ஊரை நிறைத்துவிடுவார்கள். சேர்வராயன் கோயில் திருவிழாவின்போது மலைக்கிராமங்களிலிருந்து மக்கள் திரள்வதைப் பார்த்த எனக்கு, ஒரு சிற்றூர் சில நாள்களுக்குத் தன் அளவை மறந்துவிடுவது புதிதல்ல. ஆனால் பிளட்டிவுட்டுக்கு இருந்த சிக்கல் வேறு. அதுவரை மேடை அனுபவம் ஏறக்குறைய இல்லாத குழு அது. கணினி வாசித்ததை மேடையில் யார் வாசிப்பது?

இங்கேதான் மூவர் அறுவர் ஆனார்கள். டிரம்ஸுக்கு விசேஷ் சிங், பேஸ் கிடாருக்கு ரோஷன் ராய், டோலுக்குச் சர்தக் பாவா. அந்த நிகழ்ச்சியின் பதிவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண் எங்கே போகிறதென்று. வளைந்த தடித்த கம்பு ஒரு கையிலும் மெல்லிய குச்சி மறு கையிலுமாக, டோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துள்ளுகிற அந்த மனிதரிடம்தான். மற்ற கருவிகளெல்லாம் உலகின் எந்த மெட்டல் குழுவிலும் இருப்பவை. பிளட்டிவுட்டைப் பிளட்டிவுட் ஆக்குவது அந்தத் தோல். இருந்தும் குழுவின் குறிப்புகளில் கரண், ஜெயந்த், ரவுல் ஆகியோரே உறுப்பினர்கள். மற்ற மூவரும் பயணக் கலைஞர்கள்.

இதில் அநியாயம் நடந்துவிட்டது என்று நான் சொல்லவரவில்லை. இசையை ஆக்குபவர் வேறு, மேடையில் நிகழ்த்துபவர் வேறு என்ற பிரிவு மேலைநாட்டுத் துறையில் வழக்கமானது. ஆனால் நம் மேளத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று அமைவது ஒரு மேளம். ஒரு காலத்தில் மேளம் நாதஸ்வரக்காரரின் பெயரால்தான் அறியப்பட்டது. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றோரின் கைகள் பேசிய பிறகே தவிலின் மதிப்பு உயர்ந்தது. திருமண அழைப்பிதழ்களில் ‘ஸ்பெஷல் தவில்’ என்று தனியே பெயர் அச்சேறும் நிலை வந்தது. ஒத்துக்காரருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. சுருதிப் பெட்டி வந்து அவர் இடத்தை எடுத்துக்கொண்டது. மிஞ்சியது ‘ஒத்து ஊதுகிறான்’ என்ற வசைதான். மூச்சை இடைவிடாமல் பிடித்து இசைக்கே தரையாக நின்றவரை மொழி எப்படி நினைவு வைத்திருக்கிறது, பாருங்கள்.

அமெரிக்காவின் ஸ்லிப்நாட் குழுவில் ஒன்பது பேர். ஒவ்வொருவருக்கும் முகமூடி, பூஜ்யம் முதல் எட்டு வரை ஓர் எண். கூடுதல் தாளக்காரர்கள் இருவருக்கும் எண் உண்டு. எண்ணிக்கையில் சேர்ப்பதென்றால் இதைவிடச் செம்மையாகச் சேர்க்க முடியாது. ஆனால் பேஸ் கலைஞர் பால் கிரே 2010இல் இறந்து, டிரம்ஸ் கலைஞர் ஜோயி ஜோர்டிசன் 2013இல் வெளியேறிய பின் வந்த புதியவர்களின் பெயரைக் குழு உடனே வெளியிடவில்லை. 2014இல் வந்த காணொளியில் கையிலிருந்த பச்சையைப் பார்த்து ரசிகர்களே பேஸ் கலைஞர் அலெசாண்ட்ரோ வெண்டுரெல்லாவை அடையாளம் கண்டார்கள். 2019இல் தாளக்காரர்களில் ஒருவரான கிறிஸ் ஃபென் வருவாய்ப் பங்கு குறித்து வழக்குத் தொடுத்துக் குழுவை விட்டுப் போனார். எண் இருந்தது, கணக்கில்தான் தகராறு.

இதற்கு நேர்மாறான ஒன்று தில்லியிலேயே நடந்திருக்கிறது. 1990இல் சுஷ்மித் சென்னும் அசீம் சக்கரவர்த்தியும் தொடங்கிய இந்தியன் ஓஷன் குழு மெட்டல் அல்ல. ஆனால் இந்திய ராக் வரலாற்றில் தவிர்க்கவியலாதது. அசீம் தபலா வாசித்தபடியே பாடுவார். 2009 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தார். அவர் இடத்தை நிரப்ப இருவர் தேவைப்பட்டார்கள்: பாட ஹிமான்ஷு ஜோஷி, தபலாவுக்கு துஹீன் சக்கரவர்த்தி. 2013இல் சுஷ்மித்தும் விலகினார். நிகில் ராவ் கிடாரை எடுத்துக்கொண்டார். தொடங்கிய இருவருமே இல்லாத அந்தக் குழு அதே பெயரில் தொடர்ந்து வாசித்தது. லிங்கின் பார்க்கும் அப்படித்தான். செஸ்டர் பென்னிங்டன் 2017இல் இறந்த பின் ஏழாண்டு மௌனம். 2024இல் எமிலி ஆம்ஸ்ட்ராங்கைப் பாடகியாகக் கொண்டு திரும்பினார்கள். ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. எனக்கு அந்தப் புதுக் குரலில் குறை தெரியவில்லை. பழைய குரலை இளமையில் கேட்டு வளராததால் இருக்கலாம்.

பிளட்டிவுட்டுக்கு இத்தகைய இழப்புகள் நேரவில்லை. 2022 பிப்ரவரியில் ‘ரக்ஷக்’ தொகுப்பைத் தாங்களே வெளியிட்டார்கள். பாலியல் வன்முறைக்கு எதிரான ‘தனா தன்’, மதத்தை வைத்து அரசியல் செய்வோர் மீதான ‘கத்தார்’ ஆகியவை அதில் உள்ளன. கோபம் உண்மையானது, சில இடங்களில் சொற்கள் மேடைப்பேச்சாகி விடுகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவ்வாண்டே ஜப்பானின் ஃபூஜி ராக் திருவிழாவில் பெரும் வரவேற்பு கிடைத்தது. 2025 மார்ச்சில் வந்த ‘நூ டெல்லி’யில் எட்டே பாடல்கள். இசைவகையின் பெயரையும் ஊரின் பெயரையும் ஒட்டவைத்த தலைப்பு. ஜப்பானின் பேபிமெட்டல் பெண்கள் ‘பேகவ்ஃப்’ பாடலில் சேர்ந்து பாடுகிறார்கள். ‘தட்கா’ உணவைப் பற்றியது. நீதி சொல்வதை நிறுத்திவிட்டு எண்ணெயில் கடுகு பொரிவதைப் பாடும்போது இவர்கள் இன்னும் நன்றாகப் பாடுகிறார்கள். டோலும் அங்கேதான் வீட்டிலிருப்பது போல் இருக்கிறது.

அடுத்த முறை அந்த மாணவரைப் பேருந்தில் பார்த்தபோது சர்தக் பாவா என்ற பெயரைச் சொன்னேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. செல்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, இறங்கும்வரை வாக்கன் பதிவையே மறுபடி மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தார்.