மரபணு

மரபு + அணு. பின்பாதியில்தான் கொஞ்சம் சங்கடம். அணு என்றால் பிளக்க முடியாத துகள் என்பது பழைய நினைப்பு, மரபணுவோ டி.என்.ஏ. இழையில் ஒரு நீளம். அதில் ஓர் எழுத்து மாறினாலே நோய் வரலாம். வில்ஹெல்ம் யோஹான்சன் 1909இல் 'ஜீன்' என்று பெயரிட்டபோது அது எதனால் ஆனது என்றே யாருக்கும் தெரியாது.

முன்பாதி பழுத்த சொல். தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கே மரபியல் என்று பெயர். ஆட்டுக்கு மறி, பறவைக்குப் பார்ப்பு, யானைக்குக் கன்று என இளமைப் பெயர்களை வகுத்துவிட்டு, உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் அடுக்குகிறது அது. அங்கே மரபு என்பது சொல் வழக்கு; இரத்த வழி அல்ல. இன்று அதே 'மரபியல்' ஜெனடிக்ஸ் பாடத்தின் தலைப்பு.

இலங்கைப் பாடநூல்களில் படித்தவருக்கு மரபணு என்பது பரம்பரையலகு. அலகு என்பதே பொருத்தம் என்பேன், சொல்லின் நீளம்தான் இடிக்கிறது. குரோமோசோமை அவர்கள் நிறமூர்த்தம் என்பார்கள். என்ன அழகான சொல்!

சிட்னி வெஸ்ட்மீட்டில் இரண்டு வழக்குத் தமிழரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸில் பிறக்கும் குழந்தையின் குதிகாலில் குத்தி அட்டையில் ஒற்றியெடுக்கும் இரத்தம் சோதனைக்கு வருவதும் இங்குள்ள குழந்தைகள் மருத்துவமனைக்குத்தான். முடிவை விளக்கும் மொழிபெயர்ப்பாளர், கேட்பவர் மதுரையா மானிப்பாயா என்று பார்த்துச் சொல்லைத் தேர வேண்டும். 'விகாரம்' என்பது யாழ்ப்பாண உயிரியல் ஆசிரியருக்கு மரபணு மாற்றம். மதுரைத் தாய்க்கு அது அவலட்சணம்.