எந்த லைன்?

கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த இருவர் வெளியூரில் சந்தித்துக்கொண்டால், இருவருக்கும் ஒரே ஊர் என்று தெரிந்ததும் வரும் கேள்வி "எந்த லைன்?" என்பதுதான். மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் என்று பகுதியின் பெயரைச் சொன்னால் போதாது. எந்த வரிசையில் வீடு என்று தெரிய வேண்டும். கென்னடிஸ் லைன் என்றால், அங்கே யார் யாரைத் தெரியும் என்று பேச்சு வளரும். மற்ற ஊர்களில் தெரு, சந்து, நகர், காலனி என்று பிரித்துச் சொல்வதையெல்லாம் இங்கே இந்த ஓர் ஆங்கிலச் சொல் எடுத்துக்கொண்டுவிட்டது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட வேலை. ரேஷன் கடையில் நிற்பது லைன். போனில் "லைன்லயே இருங்க". மின்கம்பத்தில் ஏறுகிறவர் லைன்மேன். கடை கடையாகச் சரக்குப் போடுகிற விற்பனையாளர் "லைனுக்குப் போயிருக்கார்". நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் வட்டிக்குக் கொடுத்து வாரா வாரம் வசூலிக்கும் தொழிலுக்கே லைன் என்று பெயர். தெருமுனைப் பையன் போடுவதும் லைன். ஒற்றைத் தண்டவாளத்தில் அடுத்த நிலையம் வரை பாதை காலி என்று ரயில்வே தரும் அனுமதி "லைன் கிளியர்". இப்போது கூட்டணிப் பேச்சு முடிந்தாலும் லைன் கிளியர்தான். ஆனால் இந்த லைன்கள் எதிலும் மனிதர் குடியிருந்ததில்லை. தங்கவயலில் குடியிருந்தார்கள். அதனால்தான் அந்தப் பொருளை மட்டும் தனியே பிடித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

மூலம் லத்தீன். லினும் என்பது ஆளிச்செடி. அதன் நாரில் திரித்த நூல் லினேயா. லினன் துணியின் பெயரும் இதே வேரில் கிளைத்ததுதான். நூலை இழுத்துப் பிடித்துக் கோடு போட்டார்கள், நூலின் பெயர் கோட்டுக்கு வந்தது. கோட்டின் மேல் ஆட்களும் பொருள்களும் நின்றபோது வரிசைக்கும் வந்தது. நம் கொத்தனாரும் நூல் பிடித்துத்தான் செங்கல் அடுக்குகிறார்.

வரிசை வீடானது படைமுகாமில். பிரிட்டிஷ் படை கூடாரங்களையும் குடிசைகளையும் நேர்கோட்டில் நிறுத்தும். இந்தியக் கன்டோன்மென்ட்களில் சிப்பாய்கள் தங்கிய பகுதிக்கு லைன்ஸ் என்று பெயர். போலீஸ் லைன், வடநாட்டு நகரங்களின் சிவில் லைன்ஸ் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பிறகு தோட்ட முதலாளிகளும் சுரங்கக் கம்பெனிகளும் அதே சொல்லை எடுத்துத் தொழிலாளர் குடியிருப்புக்குச் சூட்டினார்கள். பெயரோடு முகாமின் மனப்பான்மையும் சேர்ந்தே வந்தது என்று நினைக்கிறேன். வரிசையாக இருந்தால் தலை எண்ணலாம், எண் போடலாம், யார் வேலைக்கு வரவில்லை என்று ஒரு நடையில் பார்த்துவிடலாம்.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் தங்கவயலுக்குள் வந்த பிறகு, வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து தமிழர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முதலில் கிடைத்தது மூங்கில் தட்டியால் அடைத்த குடிசை. பிறகு கட்டடம் எழுந்தபோதும் வரிசை மாறவில்லை. நீளமாக ஒரே கூரை. நடுவே சுவர் வைத்துப் பிரித்த அறைகள். ஓர் அறையும் முன்னால் சிறு தாழ்வாரமும் ஒரு குடும்பத்துக்கு. தாழ்வாரத்தைத் தட்டியாலோ தகரத்தாலோ மறைத்தால் அது சமையலறை. தண்ணீருக்குப் பொதுக் குழாய். ஒரு வீட்டில் குழந்தை அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவரின் இருமலும் கேட்கும். பாறைத்தூள் நெஞ்சில் படிந்த இருமல் அது. அடியில் பாறை வெடித்தால் மேலே லைனின் சுவர்கள் அதிரும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. அந்த அதிர்வு வந்ததும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடியவர்கள் லைனின் பெண்கள்.

இந்தச் சொல் செய்த ஒரு காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வந்தவர்களில் மிகப் பலர் தலித்துகள். விட்டு வந்த ஊரில் அவர்களுடைய முகவரி சேரி. வாயைத் திறந்து இருப்பிடத்தைச் சொன்னாலே சாதி தெரிந்துவிடும். பல லைன்களின் பெயரில் ஒரு வெள்ளைக்காரர் பெயரோ எண்ணோ எழுத்தோதான் இருந்தது. கம்பெனி இதை நல்லெண்ணத்தால் செய்யவில்லை. பங்களா ஒருபுறம், லைன் ஒருபுறம் என்று அதுவே இன்னொரு வரிசையை வைத்திருந்தது. ஆனாலும் சாதிப் பெயர் ஒட்டாத ஒரு முகவரி கையில் கிடைத்தது, அதை அந்த மக்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் தோன்றின. அந்தச் சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு அவருடைய நூல்கள் பலவற்றை அச்சிட்டுக் காப்பாற்றியது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. அவற்றைப் படித்தவர்களும் படிக்கக் கேட்டவர்களும் லைன்காரர்கள்தான்.

வேறு லைன்களும் அங்கே வந்து சேர்ந்தன. 1894-ல் இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் லைன். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் மின்சார லைன். அன்று உலகிலேயே மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிய 1905 ஆனது. பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் லைன். சுரங்கத்துக்குள் டிராலி ஓடும் லைன், துளைக்கருவிக்குக் காற்றுப் போகும் ஏர் லைன். இத்தனையும் ஒரே பேச்சில் கலந்து வந்தாலும் தங்கவயல்காரருக்குக் குழம்புவதில்லை. அடைமொழி இல்லாமல் வெறும் லைன் என்றால் வீடு.

இதே சொல் இலங்கை மலையகத்திலும் மலேசிய ரப்பர் தோட்டங்களிலும் வேறு உருவம் எடுத்தது. அங்கே லயன், லயம், லயத்து வீடு. லயம் என்றதும் சங்கீதத்தின் லயத்தையோ குதிரை லாயத்தையோ நினைத்துக் கதை கட்டத் தேவையில்லை. தமிழ் இலக்கணமே வழி காட்டுகிறது. ஐகாரத்துக்கு அய் போலியாக வரும். லைன் லய்ன் ஆகிறது. சொல்லின் கடைசியில் ய், ன் என்ற இரண்டு மெய் சேர்ந்து நிற்காது. நடுவே அகரம் புகுந்து லயன். அறம் அறன், நிலம் நிலன் என்று மகரமும் னகரமும் ஈற்றில் இடம் மாறிக்கொள்ளும் கடைப்போலி நமக்குத் தெரிந்ததே. அதே உறவில் எதிர்த்திசையில் நடந்தால் லயம். எழுதப் படிக்க வாய்ப்பே தரப்படாதவர்களின் நாக்கு, இலக்கண நூல் சொன்ன தடத்திலேயே நடந்திருக்கிறது. தங்கவயலில் மட்டும் லைன் லைனாகவே நின்றதற்கு, பெங்களூர் கன்டோன்மென்டின் ஆங்கிலமும் சுரங்கத்தில் கூடவே வேலை செய்த ஆங்கிலோ இந்தியரின் பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருந்தது காரணமாகலாம். இது என் கணிப்பு.

மூணாறிலும் லயம்தான். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்தபோது புதைந்தவை தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயங்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். குடும்பங்களை ஒட்டி ஒட்டி அடுக்கிய அந்த வரிசையால், சரிவின் பாதையில் அகப்பட்டவர்கள் மொத்தமாக அகப்பட்டார்கள்.

தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. சம்பளம் நின்றது, லைன் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் கிளம்பி, 1894-ல் போட்ட அதே பாதையில் ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். தலைமுறைகளாக வாழ்ந்த வீடு, காகிதத்தில் கம்பெனியின் குவார்ட்டர்ஸ். அதைத் தங்கள் பெயருக்கு எழுதிக் கேட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் போராடியிருக்கின்றன.

பேச்சில் அந்தச் சொல் அவர்களுக்கு எப்போதோ சொந்தமாகிவிட்டது. சாவு விழுந்தால் "லைனே வந்துட்டுது" என்பார்கள். வந்தது கட்டடமல்ல, ஆட்கள். நூலில் தொடங்கிய சொல் மனிதரில் வந்து சேர்ந்திருக்கிறது. அடுத்து தமிழ் அகராதி தொகுப்பவர்கள் லைன் என்ற பதிவில் வரிசை, கம்பி, தண்டவாளம் என்று எழுதி நிறுத்திவிடாமல், 'தங்கவயல் வழக்கு' என்று குறித்து இரண்டு பொருள்களைச் சேர்க்க வேண்டும்: ஒரே கூரையின் கீழ் அமைந்த தொழிலாளர் வீடுகளின் வரிசை, அந்த வரிசையில் வாழும் மக்கள்.