குற்றவாளியைக் கண்டுபிடிக்க டெஸ்ட் இருக்கா?

1/ "பையன் பொய் சொல்றான், காசு எடுக்கிறான். பெரியவனானா குற்றவாளி ஆவானான்னு டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அந்த டெஸ்ட்டைத் தேடி மருத்துவர்கள் அலைந்த கதை இது.

2/ 1876. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ, குற்றவாளிகளுக்கு மண்டையோடு, தாடை, காது எல்லாம் தனி ரகம்னு புத்தகம் எழுதினார். பலரும் நம்பினார்கள்.

3/ இங்கிலாந்துச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் அதைச் சோதித்தார். சுமார் 3000 கைதிகளை அளந்து, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள், ராணுவ வீரர்களோடு ஒப்பிட்டார். 1913ல் வந்த முடிவு: குற்றவாளிக்கென்று தனி உடலமைப்பு கிடையாது. ஆனா அவரும் விடலை. குறை அறிவில் இருக்கு, அது பரம்பரையா வருதுன்னார்.

4/ தேடல் உடம்பிலிருந்து மனசுக்குப் போச்சு. 1943ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமைச் சோதனை வந்தது. 500க்கும் மேற்பட்ட வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 'சரி' அல்லது 'தவறு'ன்னு பதில் சொல்லணும்.

5/ அதில் 50 வாக்கியங்கள் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு. நீதிமன்றம் அனுப்பிய இளைஞர்களின் பதில்களைப் பொதுமக்கள், கல்லூரியில் சேர விண்ணப்பித்தவர்களின் பதில்களோடு ஒப்பிட்டு, வித்தியாசம் வந்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்தது அது.

6/ டெஸ்ட்டுகள் பலித்ததா? 1950ல் ஷூஸ்லர், கிரஸ்ஸி இருவரும் அதுவரை நடந்த 113 ஒப்பீடுகளைத் தொகுத்தார்கள். குற்றவாளிகளையும் மற்றவர்களையும் பிரித்துக் காட்டியவை 42% மட்டுமே. 1967ல் வால்டோ, டினிட்ஸ் 94 ஆய்வுகளைப் பார்த்தபோது 81% ஆகிடுச்சு!

7/ உடனே கை தட்டாதீங்க. அந்த 50ல் ஒரு வாக்கியம், நீங்க சட்டச் சிக்கலில் மாட்டியதுண்டா என்பதைப் பற்றியது. ஜெயிலில் இருப்பவர் இதுக்கு என்ன பதில் சொல்வார்? காலேஜ் பையன் என்ன சொல்வான்? விடையைக் கேள்விக்குள்ளேயே வெச்சுட்டா வித்தியாசம் வராம என்ன செய்யும்?

8/ இன்னொன்று. ஜெயிலில் இருப்பவர்கள் மாட்டிக்கொண்டவர்கள். மாட்டாதவர்கள் வெளியே, சில பேர் கல்லூரியிலேயே இருக்கலாம். சிறைவாசமே மனுஷனை மாற்றும். வார்டில் படுத்திருப்பவரை மைதானத்தில் ஓடுபவரோடு ஒப்பிட்டு, "படுத்திருந்ததால்தான் வியாதி வந்தது"ன்னு சொன்னா ஏத்துக்குவீங்களா?

9/ இந்தச் சோதனைகள் வீண் இல்லை. பயிற்சி பெற்றவர் கையில், ஒருவரின் மனநிலையைப் புரிஞ்சுக்க உதவும். ஆனா ஒரு கூட்டத்தின் சராசரியை வைத்து உங்க பிள்ளையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

10/ அதனால ஆன்லைன் டெஸ்ட் மார்க்கைப் பார்த்துப் பிள்ளைக்குப் பட்டம் கட்டாதீங்க. காசு எதுக்குன்னு பொறுமையா கேளுங்க. ஸ்கூலில் யாராவது மிரட்டுறாங்களான்னு விசாரிங்க. தொடர்ந்து நடந்தா, பக்கத்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. உதவிக்காக வாங்க, தீர்ப்புக்காக வேண்டாம்.